அப்பாவின் மேசை இழுப்பறையில் கையெழுத்துப் போடாத உயில்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பம் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 46. திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோருடன் ஒரு தனியார் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அப்பாவுக்கு 78 வயது. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. சிங்கப்பூர் ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் பழைய எண்கோண நீதிமன்றக் கட்டடத்தில் பல ஆண்டுகள் குற்றவியல் வழக்குகளை விசாரித்தவர். எவ்வளவு வேலை இருந்தாலும் இரவு ஏழு மணிக் குடும்பச் செபத்துக்கு வீடு வந்துவிடுவாராம். தீர்ப்பெழுதும் நாட்களில் செபமாலை முடிந்த பிறகுதான் கோப்பைப் பிரிப்பார், பிள்ளைகள் தூங்கிய பிறகும் அறையில் விளக்கெரியும் என்று எழுதியிருக்கிறார்.

ஓய்வு பெற்ற பின்பும் அதே ஒழுங்குதான். விடியற்காலையில் எழுந்து செபம், பிறகு தினப்பூசை. வந்ததும் மனைவிக்குக் கஞ்சி. சனிக்கிழமைகளில் வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பினரோடு வாடகை வீடுகளுக்குப் போய் அரிசியும் மளிகையும் கொடுத்துவிட்டு, அங்குள்ள முதியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். "அப்பாவுக்கு இரண்டே உலகம், கோயிலும் நாங்களும். இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் சண்டை வந்துவிட்டது" என்கிறார் மகள்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு டிமென்ஷியா இருப்பது உறுதியானது. ஆரம்ப நிலைதான். அம்மா 74 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. மகள் முழுநேர வேலையைப் பகுதிநேரமாக மாற்றிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார். இந்த நிலையில் அப்பா தம் சேமிப்பிலிருந்து 300,000 வெள்ளியைப் பங்குக் கோயிலுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறார். பெர்த்தில் இருக்கும் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "அப்பாவுக்கும் மூளை குழம்பிவிட்டது, டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கு, கோயில்காரர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள்" என்கிறார். அதைத் தொலைபேசியில் கேட்ட அப்பா, ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாராம்.

மேசை இழுப்பறையில் ஓர் உயில் இருக்கிறது. தட்டச்சு செய்தது. வீடு மகளுக்கு, ரொக்கம் கோயிலுக்கு, அண்ணன் வசதியாக இருப்பதால் அவருக்கு ஆசீர்வாதம். சில மாதங்களுக்கு ஒருமுறை சிவப்புப் பேனாவால் ஒரு வரியைத் திருத்துகிறாரே தவிர, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மகளின் கேள்விகள் நான்கு. அப்பா பணத்தைக் கொடுப்பதை அண்ணன் தடுக்க முடியுமா? வீடு எனக்கு வருமா, கல்யாணமாகாத பெண்ணுக்குச் சட்டத்தில் இடம் உண்டா, இதைக் கேட்பதே பேராசையா? உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்கிறாரே அப்பா, அப்படியா? கடைசியாக, தமக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தை அம்மாவுக்கு எடுக்கும் காலம் கடந்துவிட்டதா? "கணவன் நான் இருக்கிறேன், மகள் நீ இருக்கிறாய், வேறு என்ன பத்திரம் வேண்டும்" என்று அப்பா அந்தப் பேச்சையே முடித்துவிடுகிறாராம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பணத்தைப் பற்றி அடுத்த மாதமும் சண்டை போடலாம். அம்மா விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் அவகாசம் குறைவு.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. அப்பா சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பது இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஓரிடத்தில்கூட இல்லை. அந்த வீட்டின் சரிபாதிச் சொந்தக்காரர் அவர். நோய் அவருடையது. வங்கிக் கணக்கிலும் அவர் பெயர் இருக்கிறது. நோயின் பெயரைக் கேட்டதுமே எல்லோரும் அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. அன்பில்தான் அப்படிச் செய்திருப்பீர்கள். இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான்.

அம்மாவின் கையெழுத்து

அப்பா சொல்வது தவறு என்று அவரிடம் நேராகச் சொல்வது உங்களுக்குக் கஷ்டம், நான் சொல்கிறேன். கணவன் என்பதாலோ மகள் என்பதாலோ இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் சிங்கப்பூரில் யாருக்கும் தானாக வருவதில்லை. மனத்திறன் சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவர் தெளிவாக இருக்கும்போதே தமக்குப் பிடித்தவரை நியமித்து எழுதிவைப்பதுதான் எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம். அதை எழுதாமலேயே அம்மா திறனை இழந்துவிட்டால், குடும்ப நீதிமன்றத்தில் மருத்துவ அறிக்கையோடு மனுப் போட்டு, நீதிபதி உங்களையோ அப்பாவையோ பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். எல்பிஏயைவிட அதற்குச் செலவும் அதிகம், காலமும் அதிகம். அதற்குள் அம்மாவின் பெயரில் இருக்கும் பணத்தை அம்மாவின் மருத்துவத்துக்கே எடுக்க முடியாத நிலை வரலாம்.

டிமென்ஷியா வந்துவிட்டது, இனி அம்மா கையெழுத்துப் போட முடியாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்குத் திறன் இருக்கிறது என்பதுதான் சட்டத்தின் தொடக்க நிலை. இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் பொத்தாம்பொதுவாக இல்லை, குறிப்பிட்ட ஒரு முடிவை, குறிப்பிட்ட அந்த நேரத்தில் எடுக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். சொல்வது புரிகிறதா, முடிவெடுக்கும் வரை நினைவில் நிற்கிறதா, சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, எந்த வழியிலாவது பதில் சொல்ல முடிகிறதா, இவ்வளவுதான். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோன ஒருவருக்கு, "எனக்காக என் மகள் பணத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லும் தெளிவு நன்றாகவே இருக்கலாம்.

அதனால் தாமதிக்காதீர்கள். எல்பிஏக்குச் சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோர் இருக்கிறார்கள். நோய் உறுதியாகிவிட்ட உங்கள் அம்மாவுக்கு மனநல மருத்துவரே நல்லது, பிற்பாடு அண்ணன் கேள்வி எழுப்பினால் அந்தச் சான்று தாங்கும். அம்மா காலையில்தான் தெளிவாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை நேரமாகவே வாங்குங்கள். அவருக்குத் தமிழில் பேசினால் எளிது என்றால் தமிழ் தெரிந்தவரைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். புரியவைக்க எடுக்கக்கூடிய முயற்சி எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் ஒருவருக்குத் திறனில்லை என்று சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.

யாரை நியமிப்பது என்பது அம்மாவின் விருப்பம். என் யோசனையைக் கேட்டால், 78 வயது அப்பாவை மட்டும் போடுவது அபாயம். அப்பாவும் நீங்களும், இருவரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ செயல்படலாம் என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும். இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்று எழுதினால், ஒருவர் இல்லாமல் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

எல்பிஏ கிடைத்துவிட்டால் எல்லாம் செய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். நியமிக்கப்பட்டவர் அம்மாவுக்காக உயில் எழுத முடியாது, மத்திய சேம நிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று நியமனம் செய்ய முடியாது, அவரை மதம் மாற்றவும் முடியாது. (இந்தக் கடைசி விஷயத்தை அப்பாவிடம் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்கும்.) ஆகவே அம்மாவின் உயிலும் சேமநிதி நியமனமும் அவரே, இப்போதே செய்ய வேண்டியவை. சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது என்பதைப் படித்தவர்களும் மறந்துவிடுகிறார்கள். நியமனம் இல்லாவிட்டால் அது பொது அறங்காவலரிடம் போய், உயில் இல்லாதவர்களின் சொத்தைப் பிரிக்கும் விதிப்படிப் பிரியும்.

கொடுக்க அப்பாவுக்கு உரிமை உண்டா?

உண்டு. அது அவர் பணம். தகப்பன் தேடிய சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. உங்கள் அண்ணனின் கோபத்துக்கும் அதுதான் வேர். சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதவர் தம் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எழுதிவைக்கலாம். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு கிடையாது.

"இவ்வளவு கொடுக்கிறார் என்றாலே மூளை குழம்பிவிட்டது" என்ற வாதமும் நிற்காது. மற்றவர் கண்ணுக்கு விவேகமற்றதாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் திறனற்றவராகக் கருதக்கூடாது என்று மனத்திறன் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. வாழ்நாள் முழுக்க வின்சென்ட் சபைக்கு உழைத்தவர் ஏழைகளுக்குக் கொடுப்பதில் புதிதாக என்ன குழப்பம் இருக்கிறது? ஆயுளில் ஒருமுறையும் கோயில் பக்கம் போகாதவர் திடீரென்று கொடுத்தால் நானும் புருவத்தை உயர்த்துவேன்.

ஆனால் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் தள்ளிவிட முடியாது. ஆன்மிக வழிகாட்டிக்கோ அவர் சார்ந்த அமைப்புக்கோ ஒருவர் பெரிய தொகையைக் கொடுத்தால், அதில் தகாத செல்வாக்கு இருந்திருக்கலாம் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடமுண்டு. 1887-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான அல்கார்ட் எதிர் ஸ்கின்னர் வழக்கை அப்பா கல்லூரியிலேயே படித்திருப்பார். கன்னியர் சபை ஒன்றில் சேர்ந்த பெண் தம் சொத்தைத் தலைமைச் சகோதரியிடம் கொடுத்துவிட்டு, பின்னர் வெளியேறித் திரும்பக் கேட்டார். தலைமைச் சகோதரி அவரை ஏமாற்றினார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வெளியாரிடம் ஆலோசனை கேட்க அந்தப் பெண்ணுக்கு வழியே இருக்கவில்லை, அதுதான் குறை. வெளியேறிய பிறகு அவர் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டதால் மட்டுமே பணம் திரும்பவில்லை.

அப்பாவுக்கு இதில் இருக்கும் பாடம் எளிது. பங்குத்தந்தை எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அப்படியானால் அவருக்கும் கெட்ட பெயர் வராமல் காப்பாற்ற வேண்டியது அப்பாவின் கடமை. குடும்பத்துக்கும் கோயிலுக்கும் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பார்த்து, ஆலோசனை பெற்று, அதைப் பதிவு செய்துவிட்டுக் கொடுக்கட்டும். பிறகு யாரும் விரல் நீட்ட முடியாது.

எனக்குக் கவலை வேறிடத்தில். அம்மாவுக்கு இது ஆரம்ப நிலை. டிமென்ஷியா பல ஆண்டுகள் நீடிக்கும் நோய். பணிப்பெண், பகல்நேரப் பராமரிப்பு, ஒருவேளை பின்னாளில் தாதிமை இல்லம், இவற்றுக்கெல்லாம் எவ்வளவு ஆகும் என்று அப்பா கணக்குப் பார்த்தாரா? இன்று கொடுத்த பணம் திரும்பாது. உயிலில் எழுதிய பணத்தை உயிரோடு இருக்கும் வரை மாற்றலாம். எனவே இப்போது ஒரு சிறு பகுதியைத் தம் கையாலேயே கொடுத்து மகிழட்டும். மிச்சத்தை, தமக்கும் மனைவிக்கும் பிறகு கோயிலுக்கு என்று உயிலில் எழுதட்டும். இப்போது கொடுத்தால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால், அது பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெற்றவற்றுக்குக் கொடுப்பதில்தான். வழிபாட்டுக்கான நன்கொடைக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. பெரிய வருமானம் இல்லாத ஓய்வாளருக்கு அதனால் கிடைப்பதும் சொற்பம். இறந்த பின் கொடுப்பதால் நட்டமும் இல்லை, சொத்து மரண வரி 2008 பிப்ரவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

உயிலில் "என் பங்குக் கோயிலுக்கு" என்று மட்டும் எழுதுவது போதாது. கத்தோலிக்கப் பங்குக் கோயில் தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளும் சட்ட அமைப்பாகப் பொதுவாக இருப்பதில்லை. சரியான பெயரை உயர்மறைமாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி அப்படியே போட வேண்டும்.

வீடு உங்களுக்கு வருமா?

இழுப்பறையில் இருக்கும் காகிதத்தில் இன்றே அப்பா கையெழுத்துப் போட்டாலும் வராமல் போகலாம். அந்த உயிலிலேயே பெரிய ஓட்டை இங்கேதான்.

வீடு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலான தம்பதியரைப் போல ஜாயின்ட் டெனன்சியாக வாங்கியிருந்தால், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குத் தானாகப் போய்விடும். உயில் அதைத் தொடவே தொடாது. அப்பா முதலில் இறந்தால் வீடு அம்மாவுக்கு. அப்போது அம்மா உயிலெழுதும் நிலையில் இருக்க மாட்டார். அவருக்குப் பிறகு உயில் இல்லாதவர் சொத்தாக உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. அண்ணன் தம் பாதியைப் பணமாகக் கேட்டால் வீட்டை விற்க வேண்டிவரும். "வீடு மகளுக்கு" என்று அப்பா எத்தனை முறை சிவப்பு மையில் அடிக்கோடிட்டாலும் இதுதான் நடக்கும்.

வழிகள் இரண்டு. ஜாயின்ட் டெனன்சியைப் பிரித்து ஆளுக்குப் பாதியாக்கிக்கொள்வது ஒன்று. தனியார் வீட்டில் இணை உரிமையாளர் ஒருவரே அதற்கான பிரகடனத்தில் கையெழுத்திட்டு, மற்றவருக்கு அறிவித்துப் பதிவு செய்யலாம். பிறகு அவரவர் பாதியை அவரவர் உயிலில் எழுதலாம். இன்னொன்று, வீட்டை இருந்தபடியே விட்டுவிட்டு, இருவரும் ஒரே சமயத்தில் உயிலெழுதி, கடைசியாக இருப்பவரிடமிருந்து வீடு உங்களுக்கு வருமாறு செய்வது. இரண்டு வழியிலும் அம்மாவின் உயில் தேவை. உயிலுக்கான திறனை எல்பிஏக்கான திறனிலிருந்து தனியாக அளப்பார்கள். தாம் செய்வது என்ன, தம்மிடம் இருப்பது என்ன, யாருக்கெல்லாம் உரிமை எதிர்பார்ப்பு உண்டு என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதே நாளில் மருத்துவர் பார்த்துக் குறிப்பெழுதுவது நல்லது.

அம்மா, "வீட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி" என்று சொன்னாலோ? சொல்லலாம். அது அவர் பாதி. அவரிடம் கேளுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் விலை.

உயிலில் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு எழுதியது செல்லாமல் போகும். அப்பாவுக்கு இது தெரியும், ஆனாலும் அவசரத்தில் வீட்டிலிருப்பவரைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு இடமில்லை என்று நீங்கள் நினைப்பது நேர்மாறானது. 1966-ஆம் ஆண்டின் குடும்ப வாழ்வாதாரச் சட்டப்படி, உயிலில் தமக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்று நீதிமன்றம் போகக்கூடியவர்களில் கணவன் அல்லது மனைவி, வயது வராத மகன், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைத்தாமே காத்துக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோருடன் திருமணம் செய்யாத மகளும் இருக்கிறார். நல்ல உடல்நலத்தோடு பெர்த்தில் வேலை பார்க்கும் மகன் இல்லை. உயில் நிரூபண ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். கிடைப்பது பராமரிப்புத் தொகைதான், வீடு கிடைக்காது. இது கடைசிப் புகலிடம். இதை நம்பி இருக்காதீர்கள்.

பேராசையா என்று கேட்டீர்கள். வேலையைப் பாதியாக்கிக்கொண்டவருக்கு வருமானமும் பாதி, சேமநிதியும் பாதி. நாளை எங்கே இருப்பேன் என்று கேட்பது கணக்கு. குற்றவுணர்வோடு கேட்டால் எதிரிலிருப்பவருக்கும் அது குற்றமாகத்தான் தெரியும்.

மருந்தும் விசுவாசமும்

இறையியல் என் துறை அல்ல. ஆனாலும் அப்பா நினைப்பது அவருடைய திருச்சபையின் போதனையே அல்ல. பயனைவிடச் சுமை அதிகமான, அசாதாரணமான சிகிச்சையை மறுக்கலாம் என்று வத்திக்கான் 1980-ல் வெளியிட்ட பிரகடனமும் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் சொல்கின்றன. உயிரைப் போக்குவதற்கும் சாவைத் தள்ளிப்போடும் கருவியை வேண்டாம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவை தெளிவாக வைக்கின்றன. சிங்கப்பூரின் 1996-ஆம் ஆண்டு முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டமும் மரணத் தறுவாயில் இருப்பவரைப் பற்றியதுதான். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும், இருவருமே அப்பாவின் மரணத்தால் பயன்பெறுகிறவர்களாக இருக்கக்கூடாது. கட்டாயம் எதுவும் இல்லை. பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

அடக்கத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தாத்தா பாட்டியைப் பிடாடாரியில் புதைத்தது, அந்தக் கல்லறைகள் 2000-களின் தொடக்கத்தில் தோண்டப்பட்டது, அப்பா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது. அப்படியானால் அவரிடம் இதைப் பொறுமையாகப் பேசுங்கள். சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் இன்று புதைத்தாலும் 15 ஆண்டுதான் இடம், பிறகு தோண்டி எடுப்பார்கள். தகனத்தைத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. அஸ்தியைக் கடலில் கரைப்பதோ தூவுவதோ கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் வத்திக்கான் நினைவூட்டியது. எதை விரும்புகிறார் என்று தனித்தாளில் எழுதி உங்களிடம் கொடுக்கட்டும். உயிலில் எழுதினால், அதைப் பிரித்துப் படிப்பதற்குள் அடக்கமே முடிந்திருக்கும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

சட்டம் தெரியாததால் அவர் கையெழுத்துப் போடாமல் இல்லை. தீர்ப்பில் ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று பழகிய கை அது. மேல்முறையீட்டில் யாராவது ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் போலிருக்கிறது. இந்த முறை மேல்முறையீடு செய்யக்கூடியவன் சொந்த மகன் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவரிடம் இங்கிலாந்தின் 1852-ஆம் ஆண்டு டைம்ஸ் வழக்கை நினைவூட்டுங்கள். கால்வாய் நிறுவனம் ஒன்றுக்குச் சாதகமான உத்தரவை அந்நாட்டின் உயர்ந்த நீதிபதியான லார்ட் சான்சலர் காட்டன்ஹாம் உறுதி செய்தார். அந்த நிறுவனத்தில் அவருக்கே பங்குகள் இருந்தன. அவர் பாரபட்சமாக நடந்தார் என்று யாரும் நினைக்கவில்லை. இருந்தும் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை அந்த உத்தரவை ரத்து செய்தது. எந்த மனிதனும் தன் வழக்கைத் தானே விசாரிக்கக்கூடாது என்ற விதி அவ்வளவு கடுமையானது. இந்த வீட்டுக் காரியத்தில் அப்பா ஒரு தரப்பு. மனைவி, மகன், மகள், கோயில் எல்லோர் மீதும் அவருக்குப் பாசம் இருக்கிறது. எழுதும் வேலையை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கட்சிக்காரராக எதிரே உட்காரட்டும். சிவப்புப் பேனாவை வேண்டுமானால் கொண்டுபோகட்டும்.

நீங்களாக உயிலின் வாசகத்தைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். அவர் வழக்கறிஞரைப் பார்க்கும்போது அறையில் இருக்காதீர்கள். அந்த உயிலால் பயன்பெறப் போகிறவர் நீங்கள், நாளைக்குத் தகாத செல்வாக்கு என்ற குற்றச்சாட்டு கோயிலைவிட உங்கள் பக்கம் சுலபமாகத் திரும்பும்.

அண்ணனுக்கு போன் செய்ய வேண்டாம், போனில் குரல் உயரும். எழுதுங்கள். அம்மாவின் மருத்துவ அறிக்கை, மாதச் செலவுக் கணக்கு, அப்பா வெளியாளிடம் ஆலோசனை கேட்கப் போகிறார் என்ற செய்தி, இவை மட்டும் போதும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பல சமயம் பணத்துக்காகக் கத்துவதில்லை, தங்களைக் கேட்காமல் எல்லாம் நடக்கிறது என்று கத்துகிறார்கள். அதற்குப் பிறகும் கத்தினால் குடும்ப சேவை நிலையத்தின் வழியாகவோ சமரசப் பேச்சின் வழியாகவோ உட்காரலாம்.

இன்னொன்று, உங்களைப் பற்றியது. கடிதம் முழுக்க மற்ற மூவரின் பத்திரங்கள். உங்கள் சேமநிதிக்கு நியமனம் செய்திருக்கிறீர்களா? உங்களுக்கு எல்பிஏ உண்டா? திருமணமாகாமல், பிள்ளை இல்லாமல், உயிலும் நியமனமும் இல்லாமல் உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்களுடையதெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சரிபாதியாகப் போகும். அதற்குள் அம்மா எல்பிஏ எழுதாமல் திறனை இழந்திருந்தால், அவருடைய பாதியை எடுத்து அவருக்கே செலவழிக்க, அப்பா 78 வயதில் குடும்ப நீதிமன்றத்தில் மனுதாரராக வரிசையில் நிற்க வேண்டிவரும். மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது, உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.